ஈராக் போர்: ஒளித்தது நோக்கத்தையா, ஆதாரத்தையா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்கா தொடங்கிய 'பயங்கரவாதத்துக்கு எதிரான போர்' பற்றி உங்களுக்கும் உங்கள் மாமாவுக்கும் வாக்குவாதம். மாமா சொல்வது: ஈராக்கில் பயங்கரவாதம் வெறும் சாக்கு, உள்நோக்கம் எண்ணெய், அதோடு துணை அதிபர் டிக் செனியின் பழைய நிறுவனத்துக்கு ஒப்பந்தம். நீங்கள் சொல்வது: உளவுத்துறை தப்பான தகவல் கொடுத்தது, அரசு நம்பிவிட்டது, மற்றதெல்லாம் சதிக்கதை. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆளுக்குப் பாதி சரி. மாமா நினைப்பதுபோல் நோக்கம் எங்கேயும் பூட்டி வைக்கப்படவில்லை. அதில் பெரும்பகுதி போருக்குப் பல ஆண்டுகள் முன்பே, கையெழுத்தோடு, எல்லோரும் படிக்கும்படி வெளிவந்துவிட்டது. நீங்கள் நினைப்பதுபோல் அரசு பாவம் ஏமாந்துபோகவும் இல்லை. உளவு அமைப்புகளுக்குள்ளேயே இருந்த சந்தேகத்தை அது மக்களிடம் சொல்லாமல் விட்டது. ஒளித்தது அதைத்தான். இதற்கு ஊகம் அதிகம் தேவையில்லை, வெளியான ஆவணங்களே போதும்.

1998 ஜனவரி 26 அன்று அதிபர் கிளிண்டனுக்கு ஒரு கடிதம் போனது. 'புதிய அமெரிக்க நூற்றாண்டுத் திட்டம்' என்ற வாஷிங்டன் சிந்தனைக் குழு எழுதியது. சதாம் உசேனை ஆட்சியிலிருந்து அகற்றுவதே அமெரிக்காவின் கொள்கையாக இருக்க வேண்டும், தேவைப்பட்டால் ராணுவ நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது சாரம். கையெழுத்துப் போட்ட 18 பேரில் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், பால் உல்ஃபோவிட்ஸ், ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ், ஜான் போல்டன் இருக்கிறார்கள். மூன்று வருடம் கழித்து ரம்ஸ்ஃபெல்ட் பாதுகாப்பு அமைச்சர், உல்ஃபோவிட்ஸ் அவருக்கு அடுத்த நிலை. ஆர்மிட்டேஜும் போல்டனும் வெளியுறவுத் துறையில். அதே 1998 அக்டோபரில் ஈராக்கில் ஆட்சி மாற்றத்தை ஆதரிக்கும் சட்டத்தில் கிளிண்டன் கையெழுத்திட்டார். ஆக சதாம் போக வேண்டும் என்பது புஷ்ஷின் ரகசிய ஆசை அல்ல. அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் இருந்த வரி. அதற்காகப் படையெடுக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

ஜார்ஜ் புஷ் பதவியேற்ற பத்தாம் நாள், 2001 ஜனவரி 30 அன்று, தேசியப் பாதுகாப்புக் குழுவின் முதல் கூட்டம். அதிலேயே ஈராக் பேசப்பட்டது என்று அப்போதைய நிதியமைச்சர் பால் ஓ'நீல் பிறகு சொன்னார். செப்டம்பர் 11 அன்று பென்டகன் கட்டடம் எரிந்துகொண்டிருந்த பிற்பகல் 2.40 மணிக்கு ரம்ஸ்ஃபெல்ட் பேசியதை அவருடைய உதவியாளர் ஸ்டீஃபன் கேம்போன் கையால் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புகள் பின்னாளில் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வெளியே வந்தன. பின் லாடனை மட்டுமல்ல, சதாமையும் சேர்த்தே அடிக்கப் போதுமான தகவல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். தொடர்புள்ளது, தொடர்பில்லாதது எல்லாவற்றையும் சேர்த்து வாரிவிட வேண்டும் என்கிறார். தாக்குதல் நடந்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை.

உங்கள் மாமா துள்ளிக் குதிக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் உடனே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செப்டம்பர் 15 அன்று கேம்ப் டேவிட்டில் கூடியபோது உல்ஃபோவிட்ஸ் ஈராக்கை இழுத்தார். புஷ் அப்போது அதை ஒதுக்கி வைத்துவிட்டு ஆப்கானிஸ்தானே முதலில் என்று முடிவு செய்தார். 9/11 விசாரணைக் குழுவின் அறிக்கையில் இது விவரமாக இருக்கிறது. எல்லாம் முன்பே எழுதி முடித்த நாடகம் என்றால் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. ஒரு கோஷ்டி பல வருடமாக ஒரு போரை விரும்பியது, தாக்குதல் அவர்களுக்கு வாய்ப்பானது, அதிபரைச் சில மாதங்களில் வழிக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஆவணங்களிலிருந்து எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்.

இப்போது ஆதாரத்தின் கதைக்கு வருகிறேன். குற்றச்சாட்டுகள் நிறைய, அதில் ஒன்றை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்: அலுமினியக் குழாய்கள்.

2001-ல் ஈராக்குக்குப் போய்க்கொண்டிருந்த அலுமினியக் குழாய்ச் சரக்கு ஒன்று ஜோர்டானில் பிடிபட்டது. ஒவ்வொரு குழாயும் 81 மில்லிமீட்டர் விட்டம், ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் நீளம், உயர் வலிமைக் கலவை. யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரத்துக்கு இது உதவும் என்றார் சிஐஏ ஆய்வாளர் ஒருவர். அமெரிக்காவில் மையவிலக்கு பற்றி உண்மையிலேயே தெரிந்தவர்கள் எரிசக்தித் துறையின் ஆய்வகங்களில் இருந்தார்கள். அவர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். குழாயின் சுவர் மையவிலக்குக்குத் தேவைப்படுவதைவிட மிகத் தடிமன். மேல் பூச்சும் அந்த வேலைக்குத் தோதாக இல்லை. ஆனால் ஈராக் பல ஆண்டுகளாகத் தயாரித்து வந்த 81 மில்லிமீட்டர் பீரங்கி ராக்கெட்டின் உடலோடு அளவு கச்சிதமாகப் பொருந்தியது. அதே வகைக் குழாயை ஈராக் முன்பும் அந்த ராக்கெட்டுக்குப் பயன்படுத்தியிருந்தது.

அரசுக்குள் நடந்த இந்தச் சண்டை வெளியே எப்படித் தெரிந்தது பாருங்கள். 2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில், பெயர் சொல்லாத அதிகாரிகளை மேற்கோள் காட்டி, ஈராக் அணுகுண்டுக்கான பாகங்களைத் தேடுகிறது என்று குழாய்களைப் பற்றிய செய்தி. அன்று காலையே செனி தொலைக்காட்சியில் தோன்றி, அந்தப் பத்திரிகைச் செய்தியையே சுட்டிக்காட்டிப் பேசுகிறார். இன்னொரு சேனலில் புஷ்ஷின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் காண்டலீசா ரைஸ், துப்பாக்கிப் புகைக்காக, அதாவது உறுதியான ஆதாரத்துக்காக, காத்திருந்தால் அது அணுகுண்டின் காளான் மேகமாக வந்துவிடும் என்ற பொருளில் பேசுகிறார். வெளியுறவு அமைச்சர் கொலின் பவலும் ரம்ஸ்ஃபெல்டும் வேறு சேனல்களில். அரசே தகவலைக் கசிய விட்டது. அது அச்சானதும் 'பத்திரிகையே சொல்கிறது பாருங்கள்' என்று அரசே அதை மேற்கோள் காட்டியது. வெள்ளை மாளிகையின் தலைமை நிர்வாகி ஆண்ட்ரூ கார்ட் அந்த வாரம்தான், ஈராக் பிரசாரம் ஏன் செப்டம்பரில் தொடங்குகிறது என்பதற்கு, புதுச் சரக்கை ஆகஸ்டில் யாரும் சந்தைக்குக் கொண்டுவருவதில்லை என்று பத்திரிகையாளரிடம் சொல்லியிருந்தார். இதைவிட வெளிப்படையாக ஓர் அரசு பேச முடியாது. 2004 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் தன் பழைய செய்திகளில் போதிய கண்டிப்பு இல்லாமல் போனதை வாசகர்களிடம் ஒப்புக்கொண்டது.

அக்டோபர் முதல் தேதி உளவு அமைப்புகளின் கூட்டு மதிப்பீடு தயாரானது. 90 பக்கத்துக்கு மேல். குழாய்கள் அணுத் திட்டத்துக்கானவை அல்ல என்ற எரிசக்தித் துறையின் மறுப்பு அதற்குள் இருக்கிறது. அணுத் திட்டம் மறுபடி தொடங்கியதைக் காட்டப் போதிய ஆதாரமே இல்லை என்ற வெளியுறவுத் துறை உளவுப் பிரிவின் மறுப்பும் இருக்கிறது. மூன்று நாள் கழித்துப் பொதுமக்களுக்காக வெளியான சுருக்கப் பதிப்பில் இந்த மறுப்புகள் கரைந்துபோயின. எந்தத் துறை, எந்த நிபுணர்கள் மறுத்தார்கள் என்பது அதில் இல்லை. அடுத்த வாரமே ஈராக் மீது படையெடுக்க அதிபருக்கு அனுமதி தருவது பற்றி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு, அனுமதி நிறைவேறியது: பிரதிநிதிகள் சபையில் 296-க்கு 133, செனட்டில் 77-க்கு 23. முழு ஆவணத்தைப் போய்ப் படித்த செனட்டர்கள் மிகச் சிலர்தான். செனட் உளவுக் குழுவின் தலைவர் பாப் கிரஹாம் படித்தார், எதிர்த்து வாக்களித்தார்.

2003 ஜனவரி 27 அன்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் முகமது எல்பராதேய், அந்தக் குழாய்கள் ராக்கெட்டுக்கானவை என்றே தோன்றுகிறது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபையிலேயே சொன்னார். ஒன்பதே நாளில், பிப்ரவரி 5 அன்று, அதே சபையில் கொலின் பவல் குழாய்களைக் காட்டிப் பேசினார். நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை அவர் ஒப்புக்கொண்டார், அதை மறைக்கவில்லை. ஆனால் தான் ஒரு பழைய ராணுவக்காரன், சாதாரண ராக்கெட்டுக்கு இவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்டு அதைத் தாண்டிப் போய்விட்டார். அவருடைய துறையின் உளவுப் பிரிவே முன்கூட்டி எழுத்தில் எச்சரித்திருந்தது. அந்த உரை தன் வாழ்க்கையில் ஒரு கறை என்று 2005-ல் அவரே சொன்னார்.

அல்-காய்தா தொடர்பு பற்றிய ஆதாரம் இதைவிட மோசம். ஈராக் அல்-காய்தாவினருக்கு ரசாயன ஆயுதப் பயிற்சி கொடுத்தது என்று சொன்னவர் இப்னு அல்-ஷேக் அல்-லிபி என்ற கைதி. அமெரிக்கா அவரை எகிப்துக்கு அனுப்பியது; அங்கே சித்திரவதையில் சொன்னது அது. ராணுவ உளவுத்துறை 2002 பிப்ரவரியிலேயே இந்த ஆள் கதை கட்டுகிறார் என்று சந்தேகப்பட்டு எழுதியிருக்கிறது. இருந்தும் அக்டோபரில் புஷ் சின்சினாட்டி உரையில் பயன்படுத்தினார், பிப்ரவரியில் பவல் பயன்படுத்தினார். 2004-ல் அல்-லிபி தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்கள் பற்றிச் சொன்ன 'கர்வ்பால்' என்ற ரகசியப் பெயர்க்காரர் ஜெர்மன் உளவுத்துறையின் கையில் இருந்தவர். தான் பொய் சொன்னதாக 2011-ல் அவரே ஒப்புக்கொண்டார்.

'உளவுத்துறை தப்பு செய்தது' என்ற உங்கள் வாதத்துக்கு ஆதரவாகவும் ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டால் நியாயமில்லை. உளவுத் தகவல் எப்படித் தவறியது என்று ஆராய புஷ் அமைத்த சில்பர்மன்–ராப் ஆணையம் 2005-ல், ஆய்வாளர்கள் அரசியல் நெருக்கடியால் முடிவை மாற்றியதற்கு ஆதாரம் இல்லை என்றது. பிரான்சும் ஜெர்மனியும் போரை எதிர்த்தாலும், சதாமிடம் ஏதோ மிச்சம் இருக்கும் என்றுதான் அவர்களுடைய உளவுத்துறைகளும் நினைத்தன. ஆயுதம் இல்லை என்பதைச் சதாம் ஏன் தெளிவாகக் காட்டவில்லை? பிடிபட்ட பிறகு எஃப்பிஐ விசாரணையில், ஈரான் முன்னால் பலவீனமாகத் தெரியக் கூடாது என்று பயந்ததாகச் சொன்னார். ஆகவே வாஷிங்டனில் பலர் உண்மையாகவே நம்பினார்கள் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த ஆணையத்துக்குக் கொடுத்த வேலை வரம்பில், தலைவர்கள் அந்தத் தகவலை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது சேர்க்கப்படவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது 2008 ஜூனில் வெளிவந்த செனட் உளவுக் குழு அறிக்கை: ஆதாரம் இல்லாததையும், ஆதாரத்தோடு முரண்பட்டதையும் அரசு உண்மை போலச் சொன்னது என்று அக்குழுவின் தலைவர் ராக்ஃபெல்லர் அறிவித்தார். புஷ்ஷின் குடியரசுக் கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்தே அந்த அறிக்கைக்கு வாக்களித்தார்கள்.

பிரிட்டன் பக்கம் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 2002 ஜூலை 23 அன்று பிரதமர் இல்லத்தில் நடந்த கூட்டத்தின் குறிப்பு மூன்று வருடம் கழித்து வெளிவந்தது. வாஷிங்டன் போய்த் திரும்பிய உளவுத்துறைத் தலைவர் அங்கே போர் தவிர்க்க முடியாதது என்றே பார்க்கிறார்கள், கொள்கைக்கு ஏற்றபடி தகவலும் உண்மைகளும் பொருத்தப்படுகின்றன என்று சொன்னதாக அதில் பதிவு. ஐந்து நாள் கழித்து டோனி பிளேர், என்ன ஆனாலும் உங்களோடு இருப்பேன் என்று புஷ்ஷுக்கு எழுதுகிறார். 2016-ல், பிரிட்டன் போரில் இறங்கியது பற்றிய சில்காட் விசாரணை அறிக்கையோடு அந்தக் கடிதம் வெளியானது.

சரி, நோக்கத்துக்கு வருவோம். மாமாவின் எண்ணெய்.

எண்ணெய் வாதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை. முதல் வகை: அமெரிக்க நிறுவனங்கள் ஈராக் எண்ணெயை அள்ளிக்கொள்வதற்காகப் போர். இதை விளைவை வைத்துச் சோதிக்கலாம். 2009-ல் ஈராக் எண்ணெய் வயல்களை ஏலம் விட்டது. மிகப் பெரிய ருமைலா வயல் பிரிட்டனின் பிபி-க்கும் சீனாவின் அரசு நிறுவனத்துக்கும் போனது. கூலி, கூடுதலாக எடுக்கும் பீப்பாய்க்கு 2 டாலர். எண்ணெய் ஈராக் அரசுடையது. மேற்கு குர்னாவின் இரண்டாம் பகுதி ரஷ்யாவின் லுக்காயில் நிறுவனத்துக்குப் போனது. எக்ஸான்மொபில் முதல் பகுதியைப் பெற்றது. அதிலிருந்தும் 2024 தொடக்கத்தில் வெளியேறிவிட்டது, இடத்தைப் பிடித்தது சீனாவின் பெட்ரோசைனா. தனியாருக்குச் சாதகமாக வாஷிங்டன் எதிர்பார்த்த எண்ணெய்ச் சட்டம் பாக்தாத் நாடாளுமன்றத்தில் நிறைவேறவே இல்லை. கொள்ளையடிக்கப் போனவர்கள் என்றால் மிக மோசமான கொள்ளைக்காரர்கள்.

இரண்டாவது வகை வலுவானது: பாரசீக வளைகுடாவின் எண்ணெய் எதிரியின் பிடிக்குள் போகக் கூடாது என்ற மூலோபாயக் கணக்கு. இதை யாரும் மறைக்கவில்லை. 1980 ஜனவரியில் அதிபர் கார்ட்டர் வளைகுடாவைக் காக்க ராணுவத்தைப் பயன்படுத்துவோம் என்று நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். 2002 ஆகஸ்ட் 26 அன்று செனி, முன்னாள் ராணுவ வீரர்களின் மாநாட்டில், உலக எண்ணெய் இருப்பில் 10 சதவீதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சதாம் பேரழிவு ஆயுதமும் வைத்துக்கொண்டால் உலகின் எரிசக்தியில் பெரும்பங்கைக் கைப்பற்றிவிடுவார் என்று பேசினார். மேடையில், ஒலிபெருக்கியில். இதற்கு மேல் என்ன உள்நோக்கம் தேட வேண்டும்? எண்ணெய் இல்லாத நாட்டில் இதே சர்வாதிகாரி இருந்திருந்தால் வாஷிங்டன் இவ்வளவு நேரம் அவரைப் பற்றி யோசித்திருக்காது. மாமா இந்த வகையைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் அவரை வெல்வது கஷ்டம்.

சதாம் 2000-ல் எண்ணெய்க் கணக்கை டாலரிலிருந்து யூரோவுக்கு மாற்றியதால்தான் போர் என்று ஒரு வாதம் யூடியூபில் சுற்றுகிறது. மாற்றியது உண்மை. ஆனால் ஈரானும் பிறகு டாலரை விட்டு விலகியது, அதற்காக யாரும் படையெடுக்கவில்லை. இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஹாலிபர்ட்டன் விஷயம் வேறு. 1995 முதல் 2000 வரை செனி அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தார். போர் தொடங்கும் நேரத்தில் அதன் துணை நிறுவனமான கேபிஆருக்கு ஈராக் எண்ணெய்க் கட்டமைப்பைச் சீரமைக்கும் வேலை, போட்டி ஏலம் இல்லாமலே, 700 கோடி டாலர் வரை போகக்கூடிய வரம்போடு கொடுக்கப்பட்டது. ராணுவப் பொறியாளர் படையின் ஒப்பந்தப் பிரிவின் உயர் அதிகாரி பன்னட்டைன் கிரீன்ஹவுஸ் கையெழுத்திட்டார். ஆனால் ஒப்பந்தத்தின் ஐந்து வருடக் காலம் சரியில்லை என்ற ஆட்சேபத்தைத் தன் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே பேனாவால் எழுதி வைத்தார். 2005-ல் அவரைப் பதவியிறக்கினார்கள். எரிபொருள் விலையில் 6 கோடி டாலருக்கு மேல் அதிகம் வசூலித்திருக்கலாம் என்று பென்டகன் தணிக்கையாளர்களே 2003 டிசம்பரில் சொன்னார்கள். இது சலுகை, முறைகேடு, வெட்கக்கேடு, எல்லாம்தான். ஆனால் போரால் ஒருவர் லாபம் பார்த்தார் என்பதிலிருந்து, அந்த லாபத்துக்காகவே போர் தொடங்கியது என்று தாவ முடியாது. வெள்ளம் வந்தால் படகுக்காரருக்கு வருமானம். அவரா அணையைத் திறந்தார்?

இஸ்ரேல் ஆதரவுக் குழுக்களின் செல்வாக்கு என்ற வாதத்தை மியர்ஷைமர், வால்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2006-ல் பரப்பினார்கள். செல்வாக்கு இருந்தது, போரைத் தீர்மானித்தது அது என்பதை அவர்களால் நிறுவ முடியவில்லை என்பது என் கருத்து. 'என் அப்பாவைக் கொல்லப் பார்த்த ஆள்' என்று புஷ் 2002 செப்டம்பரில் ஹூஸ்டனில் சொன்னதை வைத்துக் குடும்பப் பகை என்பார்கள். ஒரு மனிதரின் கோபத்தில் அதற்கும் பங்கிருக்கலாம், அளவிட வழியில்லை. நவம்பர் 2002 தேர்தல் கணக்கு நிச்சயம் உண்டு: போர் விஷயத்தை மக்களிடம் கொண்டுபோகலாம், நம் கட்சியை மக்கள் நம்புகிறார்கள் என்று புஷ்ஷின் அரசியல் ஆலோசகர் கார்ல் ரோவ் ஜனவரியிலேயே கட்சிக் கூட்டத்தில் சொன்னார். அதுவும் வெளிப்படையாகத்தான்.

இத்தனை நோக்கத்தில் எது உண்மையான நோக்கம்? இந்தக் கேள்வியே கொஞ்சம் பிசகு. ஓர் அரசு ஒரே தலையால் யோசிப்பதில்லை. ஒருவருக்கு எண்ணெய்ப் பாதை, ஒருவருக்கு ஜனநாயகத்தை விதைக்கும் கனவு, ஒருவருக்குச் செப்டம்பர் 11-க்குப் பின் வந்த உண்மையான பயம், ஒருவருக்கு அடுத்த தேர்தல். இதை உல்ஃபோவிட்ஸே 2003 மே மாதப் பேட்டியில் சொல்லிவிட்டார்: எல்லோரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரே காரணம் பேரழிவு ஆயுதம் என்பதால் நிர்வாகக் காரணங்களுக்காக அதில் நிலைகொண்டோம் என்றார். அதே பேட்டியில், சவூதி அரேபியாவிலிருந்து அமெரிக்கப் படையைத் திரும்ப அழைக்க முடிந்தது, அதிகம் கவனிக்கப்படாத பெரிய ஆதாயம் என்றும் சொன்னார். அந்தப் படை வெளியேற வேண்டும் என்பதுதான் பின் லாடன் வருடக்கணக்காகக் கேட்டுவந்தது.

நோக்கத்தை எடைபோட எனக்கு உதவும் வழி ஒன்று உண்டு. சொன்ன காரணம் வேறு எங்கெல்லாம் பொருந்துகிறதோ, அங்கெல்லாம் அதே அரசு என்ன செய்தது என்று பார்ப்பேன். வடகொரியா 2002 டிசம்பரில் அணு ஆய்வாளர்களை வெளியேற்றியது, 2003 ஜனவரியில் அணுப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அங்கே பேச்சுவார்த்தை. ஈராக்கில் அதே மாதங்களில் ஐ.நா. ஆயுத ஆய்வாளர் ஹான்ஸ் பிளிக்ஸின் குழு 700-க்கு மேற்பட்ட சோதனைகள் நடத்திக்கொண்டிருந்தது, தடை வரம்பை மீறிய அல்-சமூத் ஏவுகணைகள் உடைக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அங்கே மார்ச் 20 அன்று குண்டு விழுந்தது. செப்டம்பர் 11 அன்று விமானங்களைக் கடத்திய 19 பேரில் 15 பேர் சவூதிக் குடிமக்கள், ஒருவர்கூட ஈராக்கியர் இல்லை. பயங்கரவாதமோ பேரழிவு ஆயுதமோ மட்டும் காரணம் என்றால் இந்த வரிசை பொருந்தாது. ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று 2004-ல் அமெரிக்காவின் சொந்தத் தேடல் குழு, டூல்ஃபர் அறிக்கையில், முடித்துவைத்தது.

ஆப்கானிஸ்தானையும் இதே தட்டில் போடாதீர்கள். பின் லாடன் அங்கே இருந்தார், தலிபான் ஒப்படைக்க மறுத்தது, 2001 அக்டோபர் 7-ல் போர் தொடங்கியது. காரணம் கண் முன்னால் இருந்தது. ஆப்கானிஸ்தான் வழியாகப் போட நினைத்த எரிவாயுக் குழாய்க்காகத்தான் அந்தப் போர் என்பவர்கள், அந்தக் குழாயைத் திட்டமிட்ட அமெரிக்க எண்ணெய் நிறுவனமான யூனோக்கால் 1997-ல் தலிபான் பிரதிநிதிகளை டெக்சாஸுக்கு அழைத்ததைக் காட்டுவார்கள். அழைத்தது உண்மை. ஆப்பிரிக்காவில் அமெரிக்கத் தூதரகங்கள் மீது அல்-காய்தா நடத்திய 1998 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு யூனோக்கால் விலகியதையும் சொல்ல வேண்டுமே. அமெரிக்கா இருந்த இருபது வருடத்தில் அந்தக் குழாயில் ஆப்கானிஸ்தான் வழியாக ஒரு கன மீட்டர் வாயுகூட ஓடவில்லை. அங்கே இருந்தது ரகசியத் திட்டம் அல்ல, திட்டமே இல்லாமை. வெள்ளை மாளிகையில் அந்தப் போரைக் கவனித்த தளபதி டக்ளஸ் லூட், நாங்கள் என்ன செய்கிறோம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை என்று அரசின் உள் விசாரணையில் சொன்னது 2019-ல் வெளியானது.

செப்டம்பர் 11-ஐ அமெரிக்காவே நடத்தியது என்ற பேச்சை மாமா எடுத்தால், அங்கே நீங்கள் அசையவே வேண்டாம். அதற்கு அடிக்கடி காட்டப்படும் 'புதிய பேர்ல் ஹார்பர்' வரி, நான் முதலில் சொன்ன சிந்தனைக் குழுவின் 2000-ம் ஆண்டு அறிக்கையில் இருக்கிறது. ராணுவத்தை நவீனமாக்கும் வேலை அப்படியோர் அதிர்ச்சி இல்லாவிட்டால் மெதுவாகவே நடக்கும் என்பது அதன் பொருள். இந்தக் கதைகளால் லாபம் அரசுக்குத்தான். பின் லாடன் அமெரிக்காவுக்குள் தாக்க உறுதியாக இருக்கிறார் என்ற குறிப்பு 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிபர் கைக்குப் போனதும், பின்னால் விமானத்தைக் கடத்திய இருவர் நாட்டுக்குள் வந்தது சிஐஏவுக்குத் தெரிந்தும் எஃப்பிஐக்கு உரிய நேரத்தில் சொல்லப்படாததும் இந்த இரைச்சலில் அமுங்கிவிட்டன.

போருக்கான நோக்கத்தைவிட, போர் கொடுத்த அதிகாரம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் நான் உங்கள் இடத்தில் இருந்தால் விவாதிப்பேன். 2001 செப்டம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் கொடுத்த ராணுவ அனுமதி, அந்தத் தாக்குதலோடு தொடர்புள்ளவர்களுக்கு எதிரானது. எதிர்த்து வாக்களித்தவர் பார்பரா லீ ஒருவர் மட்டும். அந்த அனுமதியே பிறகு ஏமன், சோமாலியா, சிரியா வரை நீண்டது. 2001-ல் பிறந்தே இராத ஐஎஸ் அமைப்புக்கும் அதையே காட்டினார்கள். அக்டோபரில் வந்த, கண்காணிப்பு அதிகாரத்தை விரித்த பேட்ரியாட் சட்டத்தின் கீழ் தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாகச் சேகரித்தது 2013-ல், உளவு ஆவணங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் மூலம் வெளியானது. அந்தச் சேகரிப்பு எந்தப் பயங்கரவாத விசாரணையிலும் முடிவை மாற்றியதற்கு ஓர் உதாரணம்கூட இல்லை என்று அரசின் தனியுரிமைக் கண்காணிப்பு வாரியமே 2014-ல் எழுதியது.

இந்த அலை நம் பக்கமும் வந்தது. 2001 செப்டம்பர் 28 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபை 1373-ம் தீர்மானத்தில் எல்லா நாடுகளும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இயற்றக் கேட்டது. அடுத்த மாதமே இந்தியாவில் அவசரச் சட்டம். 2002 மார்ச்சில், கூட்டுக் கூட்டம் கூட்டி, பொடா. மதிமுக அந்தச் சட்டத்தை ஆதரித்தது. ஜூலையில் அதன் பொதுச்செயலாளர் வைகோ, திருமங்கலத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக அதே பொடாவில் கைதாகி வேலூர்ச் சிறையில் 19 மாதம் இருந்தார். சட்டத்தைக் கொண்டுவந்தவர்களின் உள்நோக்கம் வைகோவைப் பிடிப்பது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஆனால் பிடித்தார்கள்.

கடைசியாக, நீங்கள் கேள்வியின் ஓரத்தில் கேட்ட இந்தியா. 2003-ல் ஈராக்குக்குப் படை அனுப்ப அமெரிக்கா இந்தியாவைக் கேட்டது. ஒரு டிவிஷன், ஏறத்தாழ 17,000 வீரர்கள். வாஜ்பாய் அரசு சில வாரம் யோசித்துவிட்டு, ஜூலை 14 அன்று, ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லாமல் முடியாது என்றது. சொன்ன காரணம் ஐ.நா. ஆணை. அதோடு நாடாளுமன்றம் ஏப்ரலில் போரை எதிர்த்து நிறைவேற்றிய தீர்மானம் இருந்தது, பொதுமக்களின் எதிர்ப்பு இருந்தது, ஆண்டு இறுதியில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி தேர்தல்கள் இருந்தன, அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தல் இருந்தது. அந்த முடிவின் 'உள்நோக்கம்' என்ன என்று யாரும் சண்டை போட்டு நான் இதுவரை பார்த்ததில்லை. மாமாவிடம் அடுத்த தடவை பேசும்போது இதிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்.